பழைய பாய்மரப் படகு: வடசென்னைக்காரர் எதை வாங்குவது?

கேள்வி, 5 ஜனவரி 2025

திருவொற்றியூரில் வசிக்கிறேன். வயது 34, எடை 66 கிலோ, மணலியில் வேலை. சென்ற ஆண்டு பத்து நாள் பாய்மரப் பயிற்சி முடித்தேன். இரண்டு லட்ச ரூபாய்க்குள் பழைய படகு ஒன்று வாங்க எண்ணம். முதலில் சிறியதை வாங்கி, இரண்டு வருடம் கழித்து அதை விற்றுவிட்டுப் பெரியதைத் தேடுவதைவிட, ஆரம்பத்திலேயே 24 அடி நீளத்தில், உள்ளே இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு அறை உள்ள படகாக வாங்கிவிட்டால் ஒரே செலவோடு போகும் என்பது என் கணக்கு. மரத்தாலான ஒன்று விலைக்கு வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி 2025

வாங்க வேண்டாம். படகின் நீளம், விலை, படுக்கை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதை எங்கே தண்ணீரில் இறக்குவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நம் பகுதியில் முதல் கேள்வியே அதுதான்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் தண்டையார்பேட்டை. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகர்ந்து வரும் மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்குகிறது. அப்படித் தேங்கியதுதான் இன்று நாம் சுண்டல் தின்னப் போகும் அகன்ற மெரினா. நமக்கு வந்து சேர வேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட்டதால், ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அரித்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். அதுவும் போதாமல் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், போட்டார்கள். என் அப்பா சிறுவயதில் மண்ணில் நடந்து போன இடத்தில் நான் கல்மேல் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கற்களுக்கு நடுவே எஞ்சின் இல்லாத படகை இறக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் மீனவர்களின் பிழைப்புக்கானது. விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில் பொழுதுபோக்குப் படகுக்கு இடம் கேட்பது முறையும் இல்லை, நடக்கவும் நடக்காது. மீதமிருப்பது சென்னைத் துறைமுகத்துக்குள், நுழைவுச் சீட்டோடு போய்வரும் படகு மன்றம் மட்டுமே. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதலில் உறுப்பினராவதற்கு வழி பாருங்கள். படகை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வகை என்று கேட்டால் என் பதில் எண்டர்பிரைஸ் என்ற, இருவர் ஓட்டும் சிறிய படகு. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

7 ஜனவரி 2025

நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு நண்பர் என்னைத் திருத்தியிருக்கிறார். தூண்டில் வளைவுகளுக்கு இடையில் மணல் சேர்ந்த இடங்கள் உண்டு என்றும், அங்கிருந்து தினமும் ஃபைபர் படகுகள் இறங்குகின்றன என்றும் சொல்கிறார். அவர் சொல்வது சரி. கல்லைத் தவிர வேறு எதுவுமே இல்லாததுபோல் எழுதியது என் பிழை.

ஆனால் அந்த ஃபைபர் படகில் எஞ்சின் இருக்கிறது, தள்ள நான்கு பேர் இருக்கிறார்கள், எந்த அலைக்குப் பிறகு புறப்பட வேண்டும் என்று நாற்பது வருடமாகத் தெரிந்த கண் இருக்கிறது. பாய்மரப் படகின் சங்கடம் வேறு. நம் கரையில் கோடை முழுக்க மதியத்துக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கரையை நோக்கித்தான் அடிக்கும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. சுமார் 45 பாகை சாய்வில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் எதிர்க்காற்றில் ஏற முடியும். இரு பக்கமும் கல் இருக்கும் ஒடுக்கமான வாயில் அப்படி வளைய இடம் ஏது? ஒரு கயிறு அறுந்தால், சுக்கான் கழன்றால், காற்று உங்களைக் கல்லின்மேல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இடத்தைப் பற்றிய என் தீர்ப்பு மாறவில்லை, சொன்ன விதம்தான் தவறு.

12 ஜனவரி 2025

எண்டர்பிரைஸ் ஏன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

1980களில் கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தேன். முதலில் எங்களுக்குக் கொடுத்தது வேலர் என்கிற 27 அடி மரப்படகு. ஐந்து துடுப்பு போட்டு, உள்ளங்கைத் தோல் உரியும்வரை இழுக்கவைத்தார்கள். அதில் தேறியவர்களைத்தான் எண்டர்பிரைஸில் ஏற்றினார்கள். இளநீலப் பாய், இரண்டு பேர், 4.04 மீட்டர் நீளம். ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்தது. வீட்டிலேயே ஒட்டுப்பலகை வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி தட்டையான பலகைகளை விளிம்பில் சேர்த்த அமைப்பு. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயின் தாமானையும், அதாவது பாயை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள கயிற்றையும், பிடிப்பார். முன்னால் இருப்பவர் முன்பாயையும், படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையையும் பார்த்துக்கொள்வார். இரண்டு பாயும் சேர்ந்து சுமார் பத்தரைச் சதுர மீட்டர். வெற்று உடல் 90 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். தள்ளுவண்டியில் வைத்தால் இருவர் போதும்.

புதிதாகக் கற்பவருக்கு இதில் ஒரு நன்மை: தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்கலாம். பத்து நாள் பயிற்சியில் படகைத் திருப்பக் கற்பிப்பார்கள். காற்று திடீரென்று ஏறும்போது என்ன செய்வது என்பதை அந்தப் பத்து நாளில் காற்று ஏறினால்தானே கற்பிக்க முடியும்.

இதில் என் பழைய நினைவும் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் ஓட்டிய படகை ஐம்பத்தெட்டு வயதுக்காரர் சிபாரிசு செய்தால், அந்தச் சிபாரிசில் கால்வாசியைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்வதே நல்லது.

19 ஜனவரி 2025

எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் அலை இல்லையே, அங்கே ஓட்டக்கூடாதா என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் இதே ஆசையோடு போய்ப் பார்த்தவன்தான்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் பார்வைக்கு அகலமாக இருக்கும். இறங்கி நின்றால் பல இடங்களில் முழங்கால் அளவுதான். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து மேடிட்டுப்போன கழிமுகம் அது. நடுப்பலகையை இறக்கினால் சேற்றில் குத்தி நிற்கும், ஏற்றினால் படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். மேலே உயர்அழுத்த மின்கம்பிகள் போகின்றன. அலுமினியப் பாய்மரத்தை நட்டுக்கொண்டு அந்தக் கம்பிகளுக்குக் கீழே போக நினைப்பவர் முதலில் உயில் எழுதிவைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்தபோது அங்குள்ள மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் பிழைப்புக்கே திண்டாடும் தண்ணீரில் நமக்கு விளையாட்டு வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

பழவேற்காடு ஏரி பாய் விரிக்க அழகான இடம்தான். ஆனால் அது பறவைகள் சரணாலயம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. நம் படகு சொந்தப் படகுதானே என்று வாதாடலாம். கரையில் நிற்கும் காவலரிடம் அந்த வாதம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். தவிரவும், 24 அடிப் படகின் கீல், அதாவது அடியில் நிரந்தரமாகத் தொங்கும் கனத்த அடிக்கட்டை, தண்ணீருக்குள் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். அந்த ஏரியின் சராசரி ஆழமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

2 பிப்ரவரி 2025

என் பதிலை நானே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒருவரே ஓட்டும் லேசர் என்ற படகு ஏன் கூடாது என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேத்ரா குமணன் லேசர் ரேடியலிலும் விஷ்ணு சரவணன் லேசரிலும் தகுதி பெற்றுப் போனார்கள். சென்னையில் அந்தப் படகும் பாகங்களும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள் என்பது அவருடைய வாதம். மறுக்க முடியவில்லை. புரூஸ் கர்பி வரைந்த அந்தப் படகில் ஒரே பாய், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் கிடையாது, 4.2 மீட்டர் நீளம், வெற்று உடல் 59 கிலோ. அதே உடலில் ஆளின் எடைக்கு ஏற்றபடி மூன்று அளவுப் பாய் மாட்டலாம், பெரியது 7.06 சதுர மீட்டர், நடுவில் உள்ள ரேடியல் 5.76, சிறியது 4.7. 66 கிலோ உள்ளவருக்கு ரேடியல் பொருந்தும். 2019இலிருந்து இதை ஐ.எல்.சி.ஏ. என்று அழைக்கிறார்கள், விற்பவர்கள் இன்னும் லேசர் என்றுதான் விளம்பரம் கொடுக்கிறார்கள்.

ஆகவே ஒன்றைப் பார்க்கப் போனேன். விற்பவர் யார், எங்கே என்பது தேவையில்லை. மேலே பளபளவென்று மெழுகு தேய்த்து வைத்திருந்தார். இந்தப் படகில் பார்க்க வேண்டிய முதல் இடம் பாய்மரம் செருகும் குழி. அதில் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் விரிசல், தண்ணீர் உடலுக்குள் போகிறது என்று பொருள். நான் ஊற்றிய தண்ணீர் விற்பவர் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கால்வாசி இறங்கியிருந்தது. அந்தக் குழி பலவீனமான படகில் பலத்த காற்று அடித்தால், பாய்மரம் மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இரண்டாவது, எடை. உள்ளே மிதப்புக்காக வைத்திருக்கும் நுரைக்கட்டிகள் வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது, தராசில்தான் தெரியும். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் மைத்துனரிடம் தொங்குதராசு இரவல் வாங்கிப் போயிருந்தேன். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை தூக்கிக் கூட்டினால் 68 கிலோ. ஒன்பது கிலோ தண்ணீரையும் சேர்த்து எனக்கு விலை சொல்லியிருக்கிறார்.

3 பிப்ரவரி 2025

தராசைத் திருப்பிக் கொடுத்தபோது மைத்துனர் கேட்டது: "மச்சான், இவ்வளவு எடை இருக்குதே, என்ன மீன்?"

23 பிப்ரவரி 2025

ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகைப் பற்றிக் கேட்டவருக்கு. இந்த வகையைக் குறிக்க உலகம் முழுக்க வழங்கும் கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது; அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த நம் கட்டுமரம் அலையில் நெகிழ்ந்து கொடுக்கும், மேலே ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே ஓடிவிடும், கரைக்கு வந்ததும் கட்டைகளைப் பிரித்துக் காயவைக்கலாம். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்த உத்தியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஹோபி 16 மணல் கரையிலிருந்து அலையைத் தாண்டிப் போவதற்கென்றே செய்த படகு. நடுப்பலகை கிடையாது, சுக்கான் தானாகத் தூக்கிக்கொள்ளும். நம் பக்கம் மணல் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். 5.05 மீட்டர் நீளம், 2.41 மீட்டர் அகலம். பிரிக்காமல் எந்தத் தெருவுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. கவிழ்ந்தால் ஒரு ஆளின் எடையில் நிமிராது. பழையதை வாங்குவோர் இரண்டு உடல்களின் முன்பாதியையும் மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்பளம்போல் உள்ளே அமுங்கினால் ஃபைபர் அடுக்குகள் நடுவில் உள்ள நுரையை விட்டுப் பிரிந்துவிட்டன. சென்னைக்குத் தெற்கே, மணல் கரை உள்ள கோவளம் பக்கம் வசிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

16 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி பிடிவாதக்காரர். 24 அடி மரப்படகைப் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நேரம் போதவில்லை, அவ்வளவு இருந்தது பார்க்க.

மரப்படகில் உளியோ ஈட்டியோ தேவையில்லை, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கீலின் மேற்புறம், பாய்மரம் நிற்கும் அடி, மழைத்தண்ணீர் தேங்கும் மூலை, இந்த இடங்களில் மெல்லக் குத்த வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இங்கே கால் அங்குலம் வெண்ணெய்போல் இறங்கியது. இவையெல்லாம் மழைத்தண்ணீர் செய்த வேலை. மரத்தை அழுகவைப்பது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர்தான். உப்புநீர் அந்தப் பூஞ்சைக்கு ஆகாது. படகுக்காரர் கடலைப் பற்றிக் கவலைப்பட்டுத் தார்ப்பாய் போட மறந்திருக்கிறார்.

பிறகு கம்பிகள். பாய்மரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின்மேல் ஒரு பழைய பருத்தித் துணியை ஓட்டினால் உடைந்த இழை இருக்கும் இடத்தில் துணி மாட்டிக்கொள்ளும்; விரலை ஓட்டாதீர்கள். மூன்று இடத்தில் மாட்டியது. கொக்கிகளையும் வளையங்களையும் துருப்பிடிக்காத எஃகு என்றார் விற்பவர். பாரிமுனைக் கடைகளில் அதிகம் கிடைக்கும் 304 ரகம் சமையலறைக்குச் சரி. உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்பேறும். கடலுக்கு மாலிப்டினம் கலந்த 316 வேண்டும், விலை கூடுதல். பில் கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

விலை ஒன்றே முக்கால் லட்சம். "சின்னச் சின்ன வேலைதான் சார் பாக்கி" என்று நான்கு முறை சொன்னார். அந்தச் சின்ன வேலைகளைத் தம்பியே ஒரு தாளில் எழுதிக் கூட்டினார்: அடிப்பலகை, கம்பிகள், பாய், வருடம் ஒருமுறை கிரேன் வைத்து வெளியே எடுத்து அடிப்பகுதியைச் சுரண்டிப் பாசிதடுப்பு வர்ணம் பூசுவது, நிறுத்துமிடத்துக்கு மாத வாடகை. தாளின் மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தது. யானையைக் கட்டித் தீனி போடுவதுதான் இது. திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் "அப்போதே சொன்னேனே" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தது என் வாழ்நாள் சாதனை.

18 மார்ச் 2025

தம்பியின் முதல் கணக்கை நான் எடுத்தெறிந்து பேசிவிட்டதாக ஒரு பெண்மணி கண்டித்திருக்கிறார். பெரிய படகில் வயதானவர்களையும் குழந்தைகளையும் நனையாமல் ஏற்றிச் செல்லலாம், டிங்கியில், அதாவது எண்டர்பிரைஸ், லேசர் போன்ற சிறிய திறந்த படகில், முடியாது என்கிறார். நியாயமான கருத்து. நல்ல நிலையில் உள்ள ஃபைபர் கீல் படகை நான்கு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கி, துறைமுகத்துக்குள் நிறுத்த இடமும் பெற்றிருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். தனி ஆளின் சம்பளத்தில் அழுகிய மரத்தை வாங்குவதைத்தான் எதிர்த்தேன்.

20 ஏப்ரல் 2025

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கிவிட்டது; ஜூன் 14 வரை 61 நாள். பழைய படகைப் பழுதுபார்க்க ஆள் தேடுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தடைக்காலத்தில் வேலை இருக்காது, ஃபைபர் வேலை செய்பவர்கள் சும்மா இருப்பார்கள், கூலி குறையும் என்று நினைத்துக் காசிமேட்டுக்குப் போனேன். நேர்மாறாக இருந்தது. கடலுக்குப் போகாத இந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாப் படகும் பழுதுபார்க்க மேலேறுகிறது. ரெசின், அதாவது ஃபைபரை ஒட்டும் பசை, வாளியும் கையுமாக நிற்பவருக்குச் சாப்பிட நேரமில்லை.

அப்படியும் ஒருவர் கால்மணி நேரம் ஒதுக்கிப் பேசினார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. மீன்பிடி ஃபைபருக்கு மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கனமாக்குவார்கள். கல்லில் இடித்தாலும் தாங்க வேண்டும். டிங்கியில் அதே கையோடு ஒட்டுப்போட்டால் ஒரு பக்கம் கனத்து, அந்த ஒட்டின் விளிம்பிலேயே அடுத்த விரிசல் வரும். பழைய இடத்தைச் சரிவாகத் தேய்த்து, ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக மெல்லிய அடுக்குகள் போட வேண்டும். ஈரம் முழுக்கக் காயாமல் ரெசின் தொடவே கூடாது. என் கைப்பேசியில் இருந்த எண்டர்பிரைஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "இது படகா, சோப்பு டப்பாவா?" என்றார்.

1 ஜூன் 2025

வாங்கிவிட்டேன். தம்பிக்கு யோசனை சொல்லப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

ஹைதராபாத்திலிருந்து ஒரு ஃபைபர் எண்டர்பிரைஸ். ஹுசைன் சாகர் போன்ற ஏரிகளில் ஓடிய படகுகளுக்கு உப்பு படாததால் அலுமினியமும் திருகாணிகளும் கடலோரப் படகுகளைவிட நன்றாக இருக்கும் என்று ஒரு பழைய என்.சி.சி. நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தபோது அது உண்மையாக இருந்தது. வெயில் மட்டும் ஏரிக்கும் கடலுக்கும் பொது: பாய் இரண்டும் நைந்து, கசக்கினால் சரசரக்க வேண்டியவை பழைய லுங்கிபோல் தொய்ந்து கிடந்தன. அதைக் காட்டித்தான் பேரம் பேசினேன். 70 ஆயிரம் சொன்னதை 55 ஆயிரத்துக்கு முடித்தேன்.

சோதித்த முறையைச் சொல்கிறேன். பக்கவாட்டுக் காற்றறைகளின் மூடியை இறுக்கி, வடிகால் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதி, இணைப்பு நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவினேன். அழுத்தி ஊதக்கூடாது, இணைப்பே பிரிந்துவிடும். இடதுபுறம் நுரை வரவில்லை. வலதுபுறம் பின்மூலையில் முட்டை முட்டையாக வந்தது. நடுப்பலகைக் கூட்டின் அடியைப் படகைக் கவிழ்த்துவைத்து விளக்கடித்துப் பார்த்தேன். மயிரிழை விரிசல் இரண்டு. உடல் முழுக்க ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினேன். நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மொத்தென்றும் கேட்கும். மொத்தென்று கேட்டது ஓர் உள்ளங்கை அளவு மட்டுமே. பத்திரத்தில் உள்ள பாய் எண்ணும் படகில் செதுக்கிய எண்ணும் ஒன்றா என்று பார்க்க மறந்து, ரயில் ஏறும்முன் திரும்ப ஓடிப் பார்த்தேன். ஒன்றுதான்.

கொண்டுவந்த கதை தனி. சின்ன லாரியில் தனியாக ஏற்றிவர 24 ஆயிரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் பொருள் சென்னை நுழைவாயிலில் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது விளங்கியது. வீட்டு வாசலில் குட்டியானை நிறுத்தவே சண்டை நடக்கும் எங்கள் தெருவில் ஒரு நாள் முழுக்கப் படகு நின்றது. கார்த்திகை மாத மழைக்கு முன்னெச்சரிக்கையா என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். இந்தத் தெருவில் வெள்ளம் பார்த்தவர் அவர். அதை வேடிக்கையாகக் கேட்டாரா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

4 ஜூன் 2025

பிப்ரவரியில் எழுதியதற்கு ஒரு திருத்தம். லேசரின் எடை 59 கிலோ என்று எழுதியதைப் படித்துவிட்டு, தனியாகத் தூக்கலாம் என்று இரண்டு பேர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அது வெற்று உடல் மட்டும். பாய்மரம், பூம் என்கிற பாயின் அடிக்கம்பு, சுக்கான், நடுப்பலகை எல்லாம் சேர்த்தால் எண்பதை நெருங்கும். தள்ளுவண்டி இல்லாமல் எந்தப் படகையும் வாங்காதீர்கள். விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்கள். நான் பேசவில்லை. வண்டியைப் பிறகு ஒரு வெல்டிங் பட்டறையில் தனியாகச் செய்தேன்.

13 ஜூலை 2025

மன்ற அனுமதி, நுழைவுச் சீட்டு எல்லாம் முடிந்து இன்று துறைமுகத்துக்குள் முதல்முறை இறக்கினோம். முன்னால் தம்பி, பின்னால் நான். ஜூலையில் காலையில் கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று, வெப்பமாக அடிக்கும். அது ஓய்ந்து கடற்காற்று எழ மதியம் இரண்டுகூட ஆகும். அந்த இடைவெளியில் காற்றே இல்லாமல் முக்கால் மணி நேரம் சட்டியில் வெந்த கிழங்குபோல் உட்கார்ந்திருந்தோம். பிறகு கடற்காற்று ஒரே மூச்சில் வந்தது. அடுக்கிய கண்டெய்னர்களையும் சுவர்களையும் சுற்றிக்கொண்டு வருவதால் துறைமுகத்துக்குள் காற்று ஒரே திசையில் நிற்பதில்லை. பதினெட்டு வயதில் நான் கற்ற எதையும் அது மதிக்கவில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் பாய்மரத்தின் அடியில் டக்கென்று சத்தம். பாய்மரக் காலைப் பிடித்திருந்த ரிவிட்டுகளில் இரண்டு போய்விட்டன. அலுமினியத்தில் எஃகு ரிவிட் அடித்தால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் தனிப்பசை தடவி அடித்திருக்க வேண்டும். ஏரித் தண்ணீரில் பல வருடம் தாக்குப்பிடித்தது உப்புநீரில் ஒரே நாளில் உடைந்ததா, முன்பே உடைந்து தயாராக இருந்ததா, தெரியவில்லை. ஏரிப் படகு நல்லது என்று ஜூனில் எழுதியதைப் படித்தவர்கள், ரிவிட்டுகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய பாயை இறக்கி, முன்பாயோடு மெல்லத் திரும்பினோம்.

தம்பி நன்றாகச் செய்தார். நான் ரிவிட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமலே முன்பாயைத் தளர்த்திப் படகை நேராக்கியது அவர்தான்.

10 ஆகஸ்ட் 2025

தம்பியின் கேள்விக்கு விடை என்ன ஆனது என்று சிலர் கேட்கிறார்கள். அவர் தனியாகப் படகு வாங்கவில்லை. என் படகில் பாதிப் பங்கு எடுத்துக்கொண்டார். லாரிக் கூலியையும் சேர்த்துத்தான் பாதி கேட்டேன், பேரம் பேசாமல் கொடுத்தார். அறை வைத்த படகு ஆசை இன்னும் போகவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஒரு லேசர் கிடைத்தால் அடுத்த வருடம் அதையும் வாங்கலாம், இருவரில் ஒருவர் வராத நாளில் மற்றவர் ஓட்டலாம் என்ற யோசனையும் இருக்கிறது. முதலில் அவரிடம் எண்டர்பிரைஸ் என்று நான் சொன்னபோது, முன்னால் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்ற என் சுயநலம் அதில் இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். இருந்திருக்கும்.

அக்டோபரில் வாடைக்காற்று தொடங்குமுன் படகை வெளியே எடுத்து, பாய்மரத்தைக் கழற்றி, கவிழ்த்துவைத்து, நான்கு பக்கமும் தரையில் அடித்த வளையங்களோடு கட்ட வேண்டும். வலதுபுறக் காற்றறையின் பின்மூலை இன்னும் கசிகிறது. காசிமேட்டு ஃபைபர்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சோப்பு டப்பாவை நேரில் பார்க்க வேண்டுமாம்.